ஒளிச்சான் மலையில் காணாமற்போன கல்

செவ்வாய்க்கிழமை காலை. கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறேன். படலைக்கு வெளியே கார் ஹோர்ன். எட்டிப் பார்த்தால் — நம்முடைய தலைவர்.

தலைவர் என்றால் வீரர் நினைவுக் கமிட்டியின் தலைவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். பெற்றோல் விற்கிற விலையில், காலை ஏழு மணிக்கு, மருதனார்மடத்திலிருந்து புத்தூர் வரைக்கும் கார் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன்.

"தம்பி, கல்லைக் களவெடுத்துப் போட்டாங்கள்" என்றார்.

"எந்தக் கல்லை மாஸ்டர்?"

"ஒளிச்சான் மலைக் கல்லை. நாங்கள் போன வருஷம் நட்ட கல்லை. அடியோடை காணேல்லை. நீர் உம்மடை பேப்பர்ப் பத்தியிலை நல்லாக் குடுத்து எழுதவேணும். இனத்தின்ரை வரலாற்றிலை கை வைக்கிறவனை விடக்கூடாது."

உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். ஆர் எடுத்தது என்று தெரியுமோ என்று கேட்டேன்.

"வேறை ஆர்? உவன் கிட்டினன்தான். எங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனவன். பொலிசிலை என்ட்ரி போட்டாச்சு. நேற்று முழுநாளும் ஸ்டேஷன் மர வாங்கிலை இருத்தி வைச்சு விசாரிச்சிருக்கிறாங்கள். சனிக்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருக்கு. அதுக்கு முதல் உம்மடை எழுத்தும் வந்துதெண்டால் ஆள் தானாக் கக்குவான்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். என்னுடையது ஆறிப்போய் ஆடை கட்டியது.

எழுதச் சொன்னார் அல்லவா? எழுதுகிறேன். இந்தப் பத்தி வெள்ளிக்கிழமை வருகிறது. சனிக்கிழமைக்குச் சரியாக ஒரு நாள் முந்தி. தலைவர் கேட்ட நாளில், கேட்ட இடத்தில். ஆனால் கேட்ட மாதிரி இராது.

யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கீரிமலையில்கூட மலை இல்லை. ஆனால் பருத்தித்துறை தாண்டிக் கரையோடு கிழக்கே போனால் மணல் மேடுகள் வரும். முதலில் சின்னச் சின்னதாக. பிறகு தென்னை உயரத்துக்கு. அதில் பெரிய மேட்டுக்குத்தான் ஒளிச்சான் மலை என்று பேர். கதிரன் என்பவர் ஒளித்திருந்த மலை.

இந்தக் கதிரன் ஒல்லாந்தர் காலத்து ஆள். அவர்களுக்கு எதிராகக் கிளம்பி, அந்த மணலுக்குள் மூன்று மாதம் தாக்குப்பிடித்தவர். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அந்தக் கரையோரத்துச் சில குடும்பங்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போய் அவர் பேரைச் சொல்லி விளக்கு வைக்கும். ஒரு வாசகர் இதைக் கடிதத்தில் எழுதினார். நான் அதை இந்தப் பத்தியில் நாலு வரி எழுதினேன். ஆகவே நடந்தது எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவன் நான்தான் — அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

நாலு வரி வந்த ஒரு மாதத்துக்குள் கமிட்டி வந்துவிட்டது. நம் ஊரில் பாணுக்குக் கியூ, மாவுக்குக் கியூ... கமிட்டிக்கு மட்டும் எப்போதாவது தட்டுப்பாடு வந்திருக்கிறதா? தலைவர் ஒருவர். செயலாளர் ஓர் அப்புக்காத்து. கோட்டில் வாதாடுகிறவர்; கூட்டங்களில் அதைவிட நன்றாக வாதாடுகிறவர். பத்திரிகைத் தொடர்புக்கு அடியேன்.

போன வருஷம் மாசி மாதம் நாங்கள் மூன்று பேரும் இடம் பார்க்கப் போனோம். மணலில் வழி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று சொல்லி விட்டிருந்தோம். தார் றோட்டு முடிகிற இடத்தில் கிட்டினன் காத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கறுத்து, மெலிந்து, கையில் ஒரு நீளத் தடி. எங்களைக் கண்டதும் தோளில் கிடந்த சால்வை இடுப்புக்குப் போய்விட்டது.

கார்க் கதவைச் சாத்த முதலே அப்புக்காத்து விசாரணையைத் தொடங்கினார்.

"நீர் இஞ்சையே பிறந்து வளர்ந்தது?"

"ஓம் ஐயா."

"இஞ்சை எண்டால்? றோட்டுக்கு அங்காலையோ இஞ்சாலையோ?"

"அங்காலை ஐயா."

"எந்தக் கோயிலடி?"

"வைரவர் கோயிலடி."

"எந்த வைரவர்? ஆலடி வைரவரோ, பத்தை வைரவரோ?"

"பத்தை வைரவர் ஐயா."

"ஓ..."

அவ்வளவுதான். வெளியூர் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால், என்ன பண்பான மனிதர், வழிகாட்டியின் ஊர், கோயில் எல்லாம் அன்பாக விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பார். நமக்குத் தெரியாதா? ஊர், றோட்டு, கோயில், எந்தக் கோயில் — நாலே கேள்வி. ஐந்தாவது கேள்விக்குத் தேவையே இல்லை. சாதி என்ற சொல்லை வாயால் சொல்லாமல் சாதி கேட்கிற இந்த வித்தையை நாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நானும் படித்திருக்கிறேன். அந்த "ஓ" வந்தபோது எனக்கும் விளங்கிவிட்டது.

அந்த "ஓ"வுக்குப் பிறகு கிட்டினன் "நீர்" இல்லை. "நீ". அப்புக்காத்துவுக்கு முப்பத்தெட்டு வயது.

சரி, ஏறினோம். மணலில் ஏறுவது என்றால் என்ன என்று ஏறிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஒரு அடி வைத்தால் முக்கால் அடி பின்னுக்கு வழுக்குகிறது. சப்பாத்துக்குள் மணல். வேட்டிக்குள் மணல். இராவணன் மீசை என்று ஒரு முட்புல் அங்கே உருண்டு கிடக்கும் — பேர் வைத்தவன் வாழ்க — அது கணுக்காலைப் பதம் பார்க்கிறது. தலைவர் பத்து அடிக்கு ஒருதரம் நின்று வரலாற்றைப் பற்றிப் பேசினார். மூச்சு வாங்குவதற்கு அதைவிடக் கௌரவமான வழி அவருக்குத் தெரியவில்லை.

கிட்டினன் மட்டும் தடியை ஊன்றி, சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து நடந்தார். அவர் கால் வைத்த தடத்தில் கால் வைத்தால் வழுக்கவில்லை. நான் அதைக் கண்டுபிடித்துப் பின்னால் போனேன். மற்ற இரண்டு பேரும் நேரே ஏறினார்கள்.

பாதி வழியில், மணலுக்குள்ளிருந்து ஒரு பனை வட்டு — ஓலைத் தலை — மட்டும் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. ஓலையைக் கையால் தொடலாம். குட்டைப் பனையோ என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. உது முழுப்பனை. நான் சின்னனிலை அண்ணாந்து பார்த்த பனை. அடிமரம் முழுக்கக் கீழை நிக்குது. சோளகக் காத்துப் பிறந்தால் மண் நடக்கும். ஒவ்வொரு வருஷமும் உந்தப் பக்கமிருந்து கடல் பக்கமா நடக்கும்."

"மண் நடக்குதாம்" என்று அப்புக்காத்து சிரித்தார். தலைவரும் சிரித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

உச்சிக்குப் போய் மறுபக்கம் இறங்கினால் ஒரு பள்ளம். சுற்றிவரத் தாழையும் பற்றையும் அடர்ந்து மணலைத் தடுத்து வைத்திருக்கின்றன. உள்ளே போனால் வெளியிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. இருபது பேர் தாராளமாக இருக்கலாம். நடுவில் ஒரு துரவு. துரவு தெரியும்தானே? கட்டாத கிணறு. மணலைச் சரிவாகத் தோண்டி இறங்கிக் கையால் அள்ளுகிற தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இரைகிறது. தண்ணீரோ நல்ல தண்ணீர்.

கிட்டினன் இறங்கி, ஒரு பனையோலைப் பட்டையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து நீட்டினார்.

"குடியுங்கோ ஐயா. கதிரன் குடிச்ச தண்ணி."

தலைவர் வானத்தைப் பார்த்தார். அப்புக்காத்து பையைத் திறந்தார். "பிளாஸ்க்கிலை தேத்தண்ணி கிடக்கு" என்றார்.

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. என் குடும்பம் மிஷன் பள்ளிக்கூடக் குடும்பம். எல்லாச் சாதிப் பிள்ளைகளோடும் ஒரே வாங்கில் இருந்து படித்தவன் நான். "எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை" என்று இதே பத்தியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்? பட்டை என் முகத்துக்கு நேரே நின்றது. மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு விடாய்க்கேல்லை" என்றேன்.

கிட்டினன் பட்டைத் தண்ணீரைத் தாழை வேரில் ஊற்றினார். நாங்கள் மூன்று பேரும் பிளாஸ்க் மூடியில் மாறி மாறிச் சூடான தேத்தண்ணி குடித்தோம். உச்சி வெயிலில். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பிறகு அவர் கதையைச் சொன்னார். நாங்கள் நிழலில், அவர் கொஞ்சம் தள்ளி வெயிலில் குந்திக்கொண்டு.

"கோட்டை கட்டக் கல்லுச் சுமக்கிறது எங்கடை ஆக்களின்ரை ஊழியம் ஐயா. கூலி இல்லை. விழுந்தால் அடி. ஒரு நாள் கதிரன் கல்லைக் கீழை போட்டார். இனிச் சுமக்கேலாது எண்டார். அவரோடை இருபது பேர் கல்லைப் போட்டினம். அடிக்க வந்த சிப்பாயின்ரை துவக்கைப் பறிச்சுக்கொண்டு இஞ்சை வந்திட்டினம்."

"சிப்பாய்கள் ஏறி வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"சப்பாத்துக் காலோடை உதிலை ஏறேலுமே ஐயா?" என்றார். தலைவரின் சப்பாத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தவன் நான். "தண்ணி இல்லாமல் தானா இறங்கி வருவினம் எண்டு கீழை காவல் இருந்தாங்கள். மூண்டு மாசம். துரவு இருக்கிறது அவங்களுக்குத் தெரியாது. பிறகு தெரிஞ்ச ஒராள் போய்ச் சொல்லிக் குடுத்திட்டார்."

"ஆர்?"

"ஒல்லாந்தருக்குக் கீழை உத்தியோகம் பார்த்த ஒரு முதலி. அவருக்குக் காணி கிடைச்சுது. கதிரனுக்குக் கயிறு."

அப்புக்காத்து இருமினார். தலைவர், நல்ல வரலாறு, குறிச்சுக்கொள்ளும் தம்பி என்றார். குறித்துக்கொண்டேன். அந்தக் கொப்பி இப்போது என் மேசையில் இருக்கிறது.

எழும்பிப் புறப்படும்போது கிட்டினன் முன்னால் வந்து நின்றார்.

"கல்லு நடப்போறியள் எண்டு கேள்விப்பட்டன். எனக்கு ஒண்டும் வேண்டாம் ஐயா. ஒரு சொல்லுத்தான். பேரைச் சரியாப் போடுங்கோ. கதிரன். விளக்கு வைக்கேக்கை நாங்கள் சொல்லுறது அப்பிடித்தான். எங்கடை பூட்டன்ரை பூட்டன் அவர்."

"அதுக்கென்ன, கட்டாயம்" என்றார் தலைவர். என் தோளில் கையை வைத்தார். "இவர் பேப்பர்க்காரர். இவர் சாட்சி."

சாட்சி. அந்தச் சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் பருத்தித்துறையைத் தாண்டவில்லை. முன் சீற்றில் பேச்சுத் தொடங்கிவிட்டது.

"கதிரன் எண்டு கல்லிலை வெட்டேலுமே மாஸ்டர்?" — அப்புக்காத்து.

"கதிரவேல் எண்டுதான் இருந்திருக்கும். உதுகள் வாயிலை வந்தபடி சுருக்கிப் போட்டுதுகள்."

"துவக்குப் பறிச்சு இருபது பேரை நடத்தினவன் சும்மா ஆளாய் இருக்கேலாது. நல்ல குடும்பத்து ஆளாய்த்தான் இருப்பான். முதலி பரம்பரையாக்கும்."

பாருங்கள். கார் பத்து மைல் ஓடுவதற்குள் ஒரு மனிதனின் பேர் மாறியது. குடும்பம் மாறியது. பரம்பரை மாறியது. நம் ஊரில் ஒருவன் கதிரவேலுவாகப் பிறப்பதும் கதிரனாகப் பிறப்பதும் ஒன்றல்ல என்று உங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கந்தையாவும் கந்தனும் ஒன்றா? கிருஷ்ணபிள்ளையும் கிட்டினனும் ஒன்றா? இன்னார் இன்ன பேர்தான் வைக்கலாம் என்று வைத்திருந்த ஊர் அல்லவா இது? பிள்ளைக்கு முழுப்பேர் வைக்க விடாத ஊர். இப்போது செத்தவனுக்கு அந்த முழுப்பேரைக் கட்டாயப்படுத்தி வைக்கிறோம். அவன் நமக்கு வேண்டுமே.

நான் பின் சீற்றில் இருந்து ஒன்று கேட்டேன். "மாஸ்டர், காட்டிக் குடுத்தவர் எல்லோ முதலி?"

"அது உவன்ரை கதை தம்பி. ஆதாரம் இருக்கே?"

கதிரவேலுக்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் கேள்வி என் வீட்டுப் படலையில் இறங்கிக் கார் போன பிறகுதான் வாயில் வந்தது. பல வீரர்கள் எனக்குள் படலையடியில்தான் பிறக்கிறார்கள்.

சித்திரைக் கடைசியில் கல் நட்டோம். இருநூறு பேர் வந்தார்கள். வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு போட்டோக்காரர். கல்லை அந்த மணலில் மேலே கொண்டுபோனது யார் என்று நினைக்கிறீர்கள்? கிட்டினனும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும். சாக்கில் சுற்றி, கம்பில் கட்டி, தோளில் காவிக்கொண்டு. கதிரன் சுமக்கமாட்டேன் என்று போட்ட கல்லை நாங்கள் அவருடைய பூட்டப்பிள்ளையின் தோளில் ஏற்றினோம். கூலி கேட்கவில்லை. எங்கடை ஆளின்ரை கல்லு என்றார்.

கல்லைப் பள்ளத்தில், துரவடியில் நடுவதுதான் பேச்சு. போட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டு, இங்கே வெளிச்சம் போதாது என்றார். உடனே இடம் மாறியது. மேட்டின் கடல் பக்கச் சரிவு. பின்னால் நீலக் கடல். படத்துக்கு எடுப்பாக இருக்குமாம்.

கிட்டினன் கல்லை இறக்கி வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"ஐயா, உதிலை வேண்டாம். சோளகம் பிறந்தால் மண் முழுக்க உந்தப் பக்கம்தான் வரும். ரெண்டு வருஷத்திலை மூடிப்போடும். பள்ளத்துக்குள்ளை எண்டால் பற்றை தடுக்கும்."

"நடச் சொன்ன இடத்திலை நடு" என்றார் அப்புக்காத்து. "உன்னட்டை ஆர் யோசனை கேட்டது?"

இருநூறு பேர் இதைக் காதால் கேட்டார்கள். பக்கத்தில் நின்று நான் கேட்டேன். தலைவர் கேட்டார். அவர் இன்றைக்கு மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சாக்கை அவிழ்த்தார்கள். கிட்டினன் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நினைக்கவில்லை. அவர் குனிந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசித்தார்.

"மா... வீ... ரன்... கதிரவேல்... முதலி..."

நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மூன்று பேரையும். கடைசியாக என்னை.

"இது ஆரய்யா?"

ஸ்பீச்சுக்கு நேரமாகிறது என்றார் தலைவர். கிட்டினன் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். போயிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினார். கல்லை இறக்கினார். நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சுற்றிவர மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கினார். ஏற்ற வேலையை ஒழுங்காக முடித்தார்.

படம் எடுக்கும்போது அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றார். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் கல் இருக்கிறது, கடல் இருக்கிறது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கிட்டினனின் நிழல் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் விழுந்திருக்கிறது.

அன்றைய ஸ்பீச்சுகளைக் கேட்டிருக்க வேண்டும். அடிமை விலங்கு, சம உரிமை, தலை நிமிர்ந்த இனம்... கொழும்பிடம் சமத்துவம் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினோம். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அது நியாயமான கோபம். ஆனால் கத்தி முடித்துத் தொண்டை காய்ந்ததும் என்ன செய்தோம்? இருநூறு பேரும் நல்ல தண்ணீர்த் துரவைத் தாண்டிப்போய், லொறியில் வந்த சோடாப் போத்தலைத் திறந்தோம்.

இதுவரை வாசித்த உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருக்கும். கிட்டினன் என்ன ஆள்? பத்தை வைரவர் கோயிலடி என்றால்... எந்தப் பகுதி? எழுதாமல் விட்டுவிட்டானே என்று. எழுதமாட்டேன். கடிதம் போட்டும் கேட்கவேண்டாம்.

இனி இந்தக் கிழமைக் கதை. போன சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தாராம். தலைவரும் அப்புக்காத்துவும் அவருக்குக் கல்லைக் காட்டக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கிட்டினனைக் கூப்பிடவில்லை. வழிதான் தெரியுமே. போய்ப் பார்த்தால் வெறும் மணல். பெரிய மனிதருக்கு முன்னால் முகம் போய்விட்டது. முகம் போனால் யாராவது ஒருவன் எடுத்திருக்கத்தானே வேண்டும்? றோட்டுக்கு அங்காலை ஒருவன் இருக்கிறானே.

தலைவர் வந்துபோன மறுநாள், புதன்கிழமை, பஸ் பிடித்துப் போனேன். கிட்டினன் வீட்டு முற்றத்தில் வலைக்கயிறு முறுக்கிக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டு எழும்பவில்லை. சால்வை தோளிலேயே கிடந்தது. எனக்கு அது பிடித்தது.

"பொலிசிலை என்ன சொன்னனியள்?"

"மண் மூடிப்போட்டுது எண்டு சொன்னன். சிரிச்சாங்கள். கல்லை எங்கை வித்தனி எண்டு கேட்டாங்கள். கதிரவேல் முதலி எண்டு வெட்டின கல்லை ஆரய்யா வாங்குவான்? அம்மி கொத்தவும் உதவாது."

"தோண்டி எடுத்துக் காட்டினால் முடிஞ்சுதே" என்றேன்.

கயிற்றைக் கீழே வைத்தார்.

"நான் ஏன் தோண்டவேணும்? சுமந்தது நான். நட்டது நான். மூடும் எண்டு சொன்னதும் நான். இப்ப கள்ளன் இல்லை எண்டு காட்டத் தோண்டுறதும் நானோ? அதிலை இருக்கிறது எங்கடை ஆளின்ரை பேரும் இல்லை. காட்டிக் குடுத்தவன்ரை பட்டம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் கலியாணத்துக்கு இருக்கிற வீடு. கள்ளன் என்ற பேர் அந்தப் படலையில் ஒட்டிக்கொண்டால் உரித்து எடுக்க முடியுமா? ஒரு நாள் முழுக்க ஸ்டேஷன் வாங்கில் அவர் இருந்ததை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவரே எழும்பினார். சுவரில் சாத்தியிருந்த எட்டடி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தார். வாங்கோ என்றார்.

இந்த முறை அவர் தடத்தை விட்டு ஓர் அங்குலம் விலகாமல் நடந்தேன். போன வருஷம் இடுப்பளவு நின்ற பனை வட்டு இப்போது முழங்காலளவுதான். அங்கிருந்து கடல் பக்கம் அடி எண்ணிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் நின்று கம்பியை மணலில் இறக்கினார். மூன்றடி... நாலடி... ஆறடி. அமத்தினார். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

டங்.

"அமத்திப் பாருங்கோ" என்று கம்பியை என் கையில் தந்தார். அமத்தினேன். என் கையால். கீழே கல். நாலு இடத்தில் குத்திப் பார்த்தோம். கல்லின் அகலத்துக்குக் கல், அதற்கு அப்பால் வெறும் மணல். நின்றபடியே நிற்கிறது. நேராக. அவர் நட்டபடி.

திரும்பும்போது துரவடியால் வந்தோம். வெயில் கொளுத்தியது. நின்றேன்.

"அண்ணை, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வருஷமும் ஆறு மாதமும் அந்தப் பார்வையில் இருந்தது.

"இப்ப விடாய்க்குதோ ஐயா?"

அவர் இறங்கி, பட்டையில் அள்ளித் தந்தார். குடித்தேன். நல்ல தண்ணீர். அவர் சிரிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பாவம் கழுவிவிட்டேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எழுத வேண்டியது வேறு. போன வருஷம் தலைவர் என் தோளில் கையை வைத்து "இவர் சாட்சி" என்றார். சரி மாஸ்டர், சாட்சி சொல்கிறேன். கல்லை ஒருவரும் எடுக்கவில்லை. அது நட்ட இடத்தில் இருக்கிறது. அங்கே நட்டால் மூடும் என்று கிட்டினன் உங்களுக்கும் எனக்கும் முன்னால் சொன்னார். பத்தை வைரவர் கோயிலடி ஆள் சொன்ன யோசனையைக் கேட்பதைவிடக் கல் மண்ணோடு போனாலும் பரவாயில்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கதிரன் என்று பேர் போடுவதாக நீங்கள் வாக்குக் கொடுத்ததும் என் கொப்பியில் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு அந்தக் கொப்பியோடு வருகிறேன். அதே வாங்கில், கிட்டினண்ணைக்குப் பக்கத்தில் இருப்பேன். என்ட்ரியை வாபஸ் வாங்க மனமிருந்தால் அதற்கு முதல் வாருங்கள்.

வாங்கின கையோடு மலைக்கும் போவோம். கமிட்டி முழுவதும் வரட்டும். ஆளுக்கொரு மண்வெட்டி. கிட்டினண்ணை தோண்டமாட்டார், வழி காட்டவும் மாட்டார். வழி நான் காட்டுகிறேன். ஏழடிக்கு மேல் தோண்டவேண்டும், அந்த முதலியை வெளியே எடுத்து அப்புறப்படுத்தவேண்டும், சரியான பேரை வெட்டின கல்லைப் பள்ளத்தில் நடவேண்டும். அந்தக் கல்லையும் நாமே காவிக்கொண்டு ஏறவேண்டும்.

ஒன்றே ஒன்று மாஸ்டர் — பிளாஸ்க் கொண்டுவர வேண்டாம்.